விடுமுறையும் தொண்டும்

(புக்கிட் பாத்தோக்கில் பெற்றோர், மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



விடுமுறைக் காலத்தில் மாணவர் ஆற்றும் தொண்டு குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பிற நாடுகளில் இதனைக் கோடைக்காலத் தொண்டு என்பர். நம் தீவில் கோடை எனத் தனிப் பருவம் இல்லை. ஆயினும் ஜூன் மாதத்தில் நான்கு வாரமும் ஆண்டிறுதியில் ஆறு வாரமும் பள்ளிகளுக்கு விடுமுறை உண்டு. அவற்றுள் சில நாள்களைப் பொதுப்பணிக்கு ஒதுக்கலாமா என்பதே நம்முன் உள்ள வினா.

"தோட்டத்திலும் துறைமுகத்திலும் தெருக்களிலும் எம் முன்னோர் கூலி வேலை செய்தனர். அந்நிலை மாறவே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். படிக்கும் பிள்ளையின் கையில் மீண்டும் துடைப்பமா?" எனக் கேட்கும் பெற்றோர் நம்மிடையே உளர். இது சோம்பலில் பிறந்த கேள்வியன்று. பட்ட துன்பத்தில் பிறந்தது. ஆதலின் இதற்கு நேர்மையாக விடை கூறுதல் வேண்டும்.

நம் வட்டாரத்திற்குப் பெயர் தந்த குன்றைப் பாருங்கள். 1942 ஆம் ஆண்டில் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர், போரில் மாண்ட தம் வீரர்க்கு அக்குன்றின் உச்சியில் நினைவுச் சின்னம் எழுப்பினர். அதைக் கட்டியோர் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க் கைதிகள். 1945 இல் சின்னம் அழிந்தது. படிகளும் வாயில் தூண்கள் இரண்டும் எஞ்சின. அதே போர்க்காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மீளாதோர் எண்ணற்றோர். அச்சுறுத்தி வாங்கும் உழைப்பு அடிமைத்தனம். மனமுவந்து அளிக்கும் உழைப்போ தொண்டு. துடைப்பம் ஒன்றேயாயினும் அதைப் பிடிக்கும் மனம் வேறன்றோ?

மேலும், இப்பணி நம் பிள்ளைகளுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. 1976 ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு நடத்திய 'கைகளைப் பயன்படுத்துவோம்' இயக்கத்தில் எல்லா இனத்து மாணவரும் தத்தம் பள்ளியைத் தாமே தூய்மை செய்தனர். 2017 முதல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர் நாள்தோறும் துப்புரவில் பங்கேற்கின்றனர். மருத்துவர் மகனும் ஓட்டுநர் மகளும் ஒரே வகுப்பறையைக் கூட்டும்போது, கூட்டுதல் ஒரு சாராரின் தலைவிதி என்னும் எண்ணம் அகல்கிறது. நம் முன்னோர் செய்த வேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

அரசாங்கம் இதில் என்ன செய்கிறது? 1997 இல் சமூக ஈடுபாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு ஆறு மணி நேரமேனும் தொண்டாற்றுதல் மாணவர் கடமையாயிற்று. இதனால் ஒரு நன்மையும் ஒரு குறையும் விளைந்தன. தொண்டின் பக்கமே செல்லாதோரும் சென்றனர். ஆனால் மணிக்கணக்கை நிறைவு செய்தால் போதும் என எண்ணியோரும் இருந்தனர். 2012 இல் அத்திட்டம் 'செயலில் நற்பண்பு' எனப் பொருள்தரும் புதிய பெயர் பெற்றது. எத்தனை மணி நேரம் என்பதினும் என்ன கற்றனர் என்பதே முதன்மை பெற்றது. 2014 இல் தேசிய இளையர் மன்றத்தின்கீழ் 'யூத் கோர்' தொண்டர் அமைப்பு உருவாயிற்று.

தாய்த் தமிழகம் உள்ளிட்ட இந்திய மாநிலங்களில் இத்தகைய பணி நாட்டு நலப்பணித் திட்டம் எனப்படும். காந்தியடிகள் நூற்றாண்டான 1969 இல், செப்டம்பர் 24 ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் அது தொடங்கியது. மாணவர் ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்றுவர். விடுமுறையில் சிற்றூரில் முகாமிடுவர். முகாமின் செலவுக்கு அரசு பணம் தருகிறது.

பணம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நாம் அறிதல் நன்று. பேருந்துக் கட்டணம், கருவிகள், பயிற்சி, உணவு இவற்றை அரசு நிதி தரும். வறிய வீட்டுப் பிள்ளையும் செலவின்றித் தொண்டாற்ற அது வழி செய்யும். ஆயின், முதியவர் ஒருவரிடம் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்கும் பொறுமையை எந்நிதியும் வாங்கித் தாராது.

அப்பொறுமைக்கு இங்கு நிரம்பத் தேவையுண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதை எட்டியவர் அல்லது கடந்தவர். நம் அடுக்குமாடி வீடுகளில் தனித்து வாழும் தமிழ்த் தாய்மார் உளர். மருத்துவமனையிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதம் அவர்க்குப் புரியாது. கைத்தொலைபேசியில் பணம் செலுத்தத் தெரியாது. தமிழும் ஆங்கிலமும் அறிந்த மாணவன் அரைமணி நேரத்தில் அக்கவலையைத் தீர்க்கலாம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகக் கற்ற தமிழ் அப்போது ஒருவரின் மருந்துக்கும் உயிருக்கும் துணையாகிறது.

மாணவர்களே! மூன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். முதலில், அவர்க்கு என்ன வேண்டும் எனக் கேளுங்கள். நீங்களே முடிவு செய்யாதீர்கள். அடுத்து, அவர்தம் கடிதத்தையும் கணக்கையும் பிறரிடம் பேசாதீர்கள். மூன்றாவதாக, ஒருநாள் சென்று படம் பிடித்துத் திரும்பாதீர்கள். விடுமுறை முடிந்த பின்னும் மாதம் ஒருமுறையேனும் அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பெற்றோர்களே! பத்து வார விடுமுறையில் பத்து நாள் கேட்கிறோம். எஞ்சிய நாள்கள் படிப்புக்கும் ஓய்வுக்கும் உரியன. வரும் ஜூன் விடுமுறைக்கு முன்பே பள்ளி ஆசிரியரிடமோ சமூக மன்றத்திலோ விசாரித்து, பிள்ளையின் பெயரை அவர் விருப்பம் அறிந்து பதிவு செய்யுங்கள். இயலுமாயின் முதல் நாள் நீங்களும் உடன் செல்லுங்கள்.