படையில் சேர விரும்பும் பெண்மக்கள்



வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றில், பள்ளிப் படிப்பை முடித்த பெண் ஒருத்தி, "நான் படையில் சேரப் போகிறேன்" என்று கூறுகிறாள் என வைத்துக்கொள்வோம். தந்தை பெரும்பாலும் மௌனமாகிவிடுவார். தாய் மட்டும், "எத்தனை வருஷம், அம்மா? எப்போது திரும்பி வருவாய்?" என்று கேட்பாள். அக்கேள்வியை அச்சம் என்று ஒதுக்கிவிட வேண்டா. படையைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் முதன்மையானது அதுவே. அதற்குரிய விடை, அப்பெண் எந்த வாயிலின் வழியே உள்ளே புகுகிறாள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இராணுவச் செவிலியர் பணி 1926 முதல் நிலையான அமைப்பாக இருந்து வருகிறது. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் லட்சுமி. அப்படையில் மலேயாத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். ஆயினும், சுதந்திர இந்தியாவின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம், அரசு தனியே அறிவிக்கும் பிரிவுகள் தவிர ஏனையவற்றில் பெண்கள் சேரலாகாது என்றே கூறியது. செவிலியர், மருத்துவர் அல்லாத பெண் அதிகாரிகளுக்கு 1992இல்தான் வழி திறந்தது. 2016இல் பெண்கள் மூவர் போர் விமானம் ஓட்டும் பிரிவில் அதிகாரிகளாயினர். 2023இல் பீரங்கிப் படையிலும் பெண் அதிகாரிகள் புகுந்தனர். காலாட்படையும் கவசப் படையும் அவர்களுக்கு இன்னும் திறக்கப்படவில்லை.

வாயில்களைப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவளுக்குப் புனேக்கு அருகிலுள்ள கடக்வாசலா தேசியப் பாதுகாப்புக் கழகம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2021இல் இட்ட ஆணையின் பயனாக 2022இல் அங்கே நுழைந்த முதல் பெண் அணியில் 17 பேர் 2025 மே திங்களில் தேறி வெளிவந்தனர். அதன் கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்குப் பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் படித்திருத்தல் வேண்டும். தரைப்படைப் பிரிவுக்கு எப்பாடமாயினும் சரி. ஆனால் நுழைவுத் தேர்வில் கணிதத் தாளுக்கு எவருக்கும் விலக்கு இல்லை.

கலைப் பட்டதாரிப் பெண்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். நானும் கலைப் பட்டதாரியே. ஆகையால் சற்று அழுத்தியே கூறுவேன். மத்திய தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வில், அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தை நாடுவோர்க்குக் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். அக்கழகம் சென்னைப் பரங்கிமலையில் இருக்கிறது. டில்லியிலும் ராஞ்சியிலும் பிறந்து வளர்ந்த நம் பெண், சொந்த ஊர்ப் பக்கம் போவதற்கு இப்படியும் ஒரு வழி! தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் உரிய மதிப்பெண்களுடன் இருப்பின், எழுத்துத் தேர்வே இன்றி நேர்காணலுக்குச் செல்லும் தனி வழியும் உண்டு. இவ்வகையில் தரைப்படை அதிகாரியாவோர்க்குக் குறுகிய காலப் பணி பத்து ஆண்டுகள்; மேலும் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கலாம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், தகுதி பெறுவோர் நிரந்தரப் பணிக்கும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

செவிலியர் பணியை நாடுவோர் நீட் தேர்வு எழுதி, படை மருத்துவமனைகளைச் சார்ந்த கல்லூரிகளில் நான்கு ஆண்டுகள் பயின்று, லெப்டினென்ட் பதவியுடன் வெளிவருகின்றனர். இதைத் தாழ்வாக எண்ணுவோர் நம்மிடையே உளர். காரணம் எனக்கு விளங்கவில்லை.

இனி, அக்னிவீர் முறை. 2022இல் வந்த இத்திட்டத்தின்படி பணிக்காலம் நான்கே ஆண்டுகள். முடிவில் நால்வரில் ஒருவருக்கு மேற்படாமல் தொடர்ந்து வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் சுமார் 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாய் நிதியுடன் வீடு திரும்புவர்; ஓய்வூதியம் இல்லை. நான்கு ஆண்டுகளும் மணமாகாமல் இருத்தல் வேண்டும். இருபத்திரண்டு வயதில் திரும்பும் பெண் அடுத்து என்ன செய்வாள் என்பதைச் சேர்வதற்கு முன்பே குடும்பத்தில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். தரைப்படையில் இவ்வாயில் பெண்களை இராணுவப் போலீஸ் பிரிவுக்கு அழைத்துச் செல்கிறது. 2025ஆம் ஆண்டு அறிவிப்பில் இதன் எழுத்துத் தேர்வு 13 மொழிகளில் நடைபெறும் என்றிருந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு இது தனி மகிழ்ச்சி. அதிகாரித் தேர்வுகளின் வினாத்தாள்களோ ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகின்றன.

எந்தப் படை என்பதில் சீருடையின் அழகு வழிகாட்டலாகாது. கடலைக் கண்டு மயங்குபவள், திங்கள் கணக்கில் கரை காணாத வாழ்வு தனக்கு ஒக்குமா என்று எண்ணிப் பார்க்கட்டும். கேரளத்துத் தில்னாவும் புதுவை ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் இருவராகவே புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே இறுதியில் கரை சேர்ந்தனர். அத்தகைய தனிமையை விரும்பி ஏற்பவர்க்குக் கடற்படை பொருந்தும்.

உடற்பயிற்சியை அறிவிப்பு வந்த பின் தொடங்குவது பயன்படாது. இராணுவப் போலீஸ் பெண்களுக்கான அறிவிப்புகளில் 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் முதல் தரம்; பத்தடி நீளமும் மூன்றடி உயரமும் தாண்ட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் சிமெண்டுத் தரையில், தேய்ந்த காலணியுடன், முதல் வாரமே முழுத் தூரமும் ஓடுபவளுக்குக் கணைக்கால் வலிதான் மிஞ்சும். எலும்பில் நுண்ணிய முறிவும் ஏற்படலாம். மண் தரையில் நடையும் ஓட்டமுமாகத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுக. ஆறு திங்களுக்கு முன்பே இரத்தச் சோகை உண்டா என்று சோதித்துக்கொள்வது நலம். அதிகாரிகளுக்கான தேர்வு வாரியம் ஐந்து நாள் கூடவே வைத்துப் பார்க்கிறது: படத்தைக் கண்டு கதை எழுதுதல், குழுவோடு தடை கடத்தல், தனி நேர்காணல் எனப் பலவாறு. மனப்பாடம் செய்த விடை இரண்டாம் நாளே வெளுத்துவிடும்.

நம்மவர்க்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, அது முதலெழுத்து. பள்ளிச் சான்றிதழில் 'ச. கயல்விழி', ஆதாரில் 'கயல்விழி சண்முகம்', வங்கியில் 'சண்முகம் கயல்விழி' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று வடநாட்டு எழுத்தருக்குப் புரியவைப்பது எளிதன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெற்றோர் பெயரையும் பிறந்த நாளையும் எல்லா ஆவணங்களிலும் ஒப்பாக்கிக்கொள்ளுங்கள். அக்னிவீர் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்றும் தேவை. பாட்டன் வீடு திருநெல்வேலியில், குடும்பம் இருபது ஆண்டுகளாக நாகபுரியில் என்றால், எந்த மாநிலத்தவராக விண்ணப்பிப்பது என்பதை முன்பே முடிவு செய்து, அங்கே சான்று பெறுக. தேர்வாணையத்தின் அதிகாரித் தேர்வுகளுக்கு இச்சிக்கல் இல்லை.

அத்தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றன. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆகவே இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.