குட்டியானையா, பெரிய வண்டியா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்கள் குழு லோடு வண்டி வாங்கின கதையைச் சொல்லச் சொன்னாங்க. உங்களில் பல குழுக்கள் இப்போ லோன் போட்டு வண்டி வாங்க யோசிக்கிறீங்க. சின்னதா, பெரியதா என்று எங்களுக்கு வந்த குழப்பம் உங்களுக்கும் வரும்.

எங்கள் ஊர் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகிற வழியில் இருக்கு. குழுவில் 12 பேர். எட்டு பேர் வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிறோம். கம்பெனியிலிருந்து அப்பரைக் கொண்டு வந்து கொடுத்து, தைச்சதும் எடுத்துப் போறவர் ஒரு ஏஜெண்ட். வண்டி அவருடையது, அதனால் கூலியும் அவர் சொன்னதுதான். மீதி நாலு பேர் காய்கறி, தேங்காய் வியாபாரம். அவங்க லாபத்தில் பாதி வண்டி வாடகைக்கே போச்சு. நமக்கே ஒரு வண்டி இருந்தா என்ன என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஓட்டுவதற்கு எங்க வீட்டுக்காரர் இருக்கார்.

அவர் ஒரே பிடியாக, "பெரிய வண்டிதான் வாங்கணும்" என்றார். அதற்குக் காரணம் உண்டு. முன்னே அவர் வேறொருத்தரிடம் குட்டியானை ஓட்டினார். 750 கிலோ ஏற்ற வேண்டிய வண்டியில் ஒரு நாள் ஒன்றரை டன் ஈரத்தோல் ஏற்றிவிட்டார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கல, ஸ்பிரிங் பட்டை உடைஞ்சு வண்டி சாய்ஞ்சது. அவருக்குக் கை முறிஞ்சு மூணு மாசம் வீட்டில் இருந்தார். ஓவர்லோடு என்பதால் இன்சூரன்ஸ் பணமும் வரல. என் கம்மலை அடகு வச்சுத்தான் சாப்பிட்டோம். "சின்ன வண்டி ஏமாத்திடும்" என்று அவர் சொல்வது அந்த பயத்தில்.

நான் சொன்னேன், "வண்டி நம்மள ஏமாத்தல. நாமதான் வண்டியை ஏமாத்தினோம்."

சண்டை போட்டால் தீராது என்று ஒரு நோட்டு வாங்கினேன். 30 நாள், குழுவில் யார் என்ன சரக்கு, எத்தனை கிலோ, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதினோம். அப்பர் மூட்டை பார்க்கப் பெரிசு, எடை கிடையாது. நூறு ஜோடி 40 கிலோகூட வரல. 26 நாள் மொத்தச் சரக்கு 500 கிலோவைத் தாண்டல. நாலு நாள்தான், தேங்காய் சேர்ந்தபோது, 750-ஐத் தாண்டிச்சு.

பிறகு விலை கேட்டோம். குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. அதில் பல மாடல்கள் 750 கிலோ ஏற்றும். ஓசூர் அசோக் லேலண்ட் தோஸ்த், மகேந்திரா பொலேரோ பிக்கப் எல்லாம் ஒன்றே கால் டன்னும் அதற்கு மேலும் ஏற்றும். விலையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்களுக்குச் சொன்ன கணக்குப்படி மாச டியூ சின்னதுக்கு 8,600 ரூபாய், பெரியதுக்கு 17,200. டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாமே பெரியதுக்குக் கூடுதல். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பர்மிட்டும் எடுக்கணும். நாலு நாளுக்காக முப்பது நாளும் அந்தச் செலவைச் சுமக்கணுமா?

சின்னதையே வாங்கினோம். 750-க்கு மேல் ஏற்றக் கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து எங்க வீட்டுக்காரர். தேங்காய் அதிகமான நாளில் இரண்டு நடை போவோம், இல்லேன்னா வாடகைக்குப் பெரிய வண்டி பிடிப்போம்.

சோதனையும் வந்தது. டியூ கட்ட இரண்டு நாள் இருக்கு, கையில் பணம் குறைவு. ஒரு டேனரி லோடு, ஒரே நடை, 3,000 ரூபாய் என்று கூப்பிட்டாங்க. எடை கேட்டால் 1,400 கிலோ. எனக்கே மனசு ஆடிச்சு. அவர்தான் தன் கையைத் தடவிப் பார்த்துட்டு "வேண்டாம்" என்றார். குறைஞ்ச பணத்தை குழுவில் உள் கடன் வாங்கிக் கட்டினோம். 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல் டன்னுக்கு 2,000. உயிருக்கு அந்தக் கணக்கும் கிடையாது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது எங்களுக்கு வரும் அப்பர் வேலை குறைஞ்சுபோச்சு. வண்டி பாதி நாள் நின்னுது. 8,600-ஐ எப்படியோ புரட்டினோம். 17,200 என்றால் வண்டியை பைனான்ஸ்காரர் எடுத்துப் போயிருப்பார்.

பெரிய வண்டி தப்பு என்று நான் சொல்லல. தினமும் ஈரத்தோல், செங்கல், மாட்டுத் தீவனம் ஏற்றுகிறவங்க, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு ஏறி இறங்குகிறவங்க பெரியதுதான் வாங்கணும். அங்கே சின்னதை வாங்கி அதிகமா ஏற்றினால் எங்க கதைதான்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். ஷோரூம் போறதுக்கு முன்னாடி 30 நாள் நோட்டு எழுதுங்க. ஆர்.சி. புத்தகத்தில் பாரத்தோடு உள்ள எடையில் வெறும் வண்டி எடையைக் கழிச்சுப் பாருங்க. மிச்சம் வருவதுதான் உங்க வண்டி தாங்கும் எடை. ஓட்டுகிறவரும் கூட உட்கார்றவரும் அதற்குள்ளேதான்.

லோனில் இன்னும் 31 டியூ பாக்கி. இதுவரை ஒன்றுகூடத் தவறல. நானும் இப்போ வண்டி ஓட்டப் பழகறேன்.