தலைவலி சொல்லும் சேதி



தலைவலி வராத மனிதர் இல்லை. சித்தூர் மாந்தோப்பில் காய் பறிப்பவருக்கும் வரும். திருப்பதியில் கடை வைத்திருப்பவருக்கும் வரும். பெரும்பாலான தலைவலி ஆபத்து இல்லாதது. ஆனால் சில தலைவலி பெரிய நோயின் முதல் சேதி. இரண்டையும் பிரித்து அறிய வேண்டும்.

சாதாரணத் தலைவலி ஏன் வருகிறது? பட்டினி கிடந்தால் வரும். தூக்கம் கெட்டால் வரும். கவலையாலும் வரும். வெயிலில் உடம்பின் நீர் வற்றினாலும் வரும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,500 படிகளுக்கு மேல் உண்டு. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் ஏறினால் தலை வலிக்காதா? நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் சாப்பிட்டால் வலி குறையும்.

ஒற்றைத் தலைவலி வேறு வகை. பெரும்பாலும் ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்கும். வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. இது பில்லி சூனியம் அல்ல. இதற்கு மருந்து உண்டு. டாக்டரிடம் கேளுங்கள். கடையில் மாத்திரை வாங்கி அடிக்கடி விழுங்காதீர்கள். மாதத்தில் 10, 15 நாள் வலி மாத்திரை சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

தலை வலிக்கவில்லை, அதனால் ரத்தக் கொதிப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியே காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளுங்கள்.

இனி, ஆபத்தின் அறிகுறிகளைக் கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று, இடி விழுந்தது போலத் திடீரென்று தாங்க முடியாத வலி. மூளையில் ரத்தம் கசியலாம்.

இரண்டு, தலைவலியோடு காய்ச்சல், கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு. இது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம்.

மூன்று, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சு குழறுதல். இது பக்கவாதம். தலைவலி இல்லாமலும் வரும்.

நான்கு, தலையில் அடிபட்ட பிறகு வலி கூடுதல், வாந்தி, தூக்க மயக்கம். முதலில் நன்றாகப் பேசியவருக்கும் சில மணி நேரம் கழித்து இப்படி ஆகலாம்.

ஐந்து, கர்ப்பிணிக்குக் கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

ஆறு, வெயிலில் உடம்பு கொதித்து, நினைவு தடுமாறுதல். உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பை ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள்.

இவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்து, பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அங்கே ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. 1993-இல் தொடங்கிய சுவிம்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. வழியிலேயே நேரம் போய்விடும். வீட்டிலும் நேரத்தை வீணாக்கலாமா? நோய் எப்போது தொடங்கியது என்று மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இந்த ஆறு அறிகுறிகளையும் வீட்டில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். "விடிந்ததும் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு இரவில் ஓர் உயிர் போய்விடலாம்.