முன்னோர் பெயர் அறிதல்: மலாக்கா செட்டிக் குடும்பங்கள் காட்டும் வழி
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆடி அமாவாசையன்று தர்ப்பணம் செய்ய அமர்பவரிடம் குருக்கள் மூன்று பெயர்களைக் கேட்பார். தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் ஆகியோரின் பெயர்கள் அவை. முதற்பெயர் உடனே வந்துவிடும். இரண்டாம் பெயர் சற்று யோசித்த பின் வரும். மூன்றாம் பெயர் பலருக்கு வருவதேயில்லை. கையில் எள்ளும் நீரும் இருக்கும். அதனைப் பெற வேண்டியவரின் பெயர் இராது. இல்வாழ்வான் பேண வேண்டியோரை வரிசைப்படுத்திய திருவள்ளுவர், தென்புலத்தாரைத் தெய்வத்திற்கும் முன்னதாக வைத்தார். அத்தகைய முதலிடம் பெற்றோரின் பெயரே மறைந்து போவது சிறிய இழப்பன்று.

இவ்விழப்புக்கு இடங்கொடாமல் முன்னோரை நினைந்து வரும் ஒரு சமூகம் இம்மண்ணிலேயே உண்டு. மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழியினரே மலாக்கா செட்டிகள். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824 உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. அவர்தம் வீட்டுமொழியும் மலாயாகிவிட்டது. ஆயினும் சைவ நெறி மாறவில்லை. பிள்ளை, நாயக்கர், படையாட்சி முதலிய பட்டங்களும் பல குடும்பங்களில் நிலைத்தன. ஆண்டுக்கு இருமுறை, பொங்கலுக்கு முந்திய நாளிலும் பழங்கள் மிகுந்து விளையும் பருவத்திலும், வாழையிலையில் உணவு படைத்து முன்னோரை வணங்குகின்றனர். ‘பார்ச்சு’ எனப்படும் இவ்வழிபாடே தலைமுறைகளை இணைக்கும் கயிறாக இருந்து வருகிறது.

அத்தகைய குடும்பமொன்று தன் மரபை எவ்வாறு தேடிச் செல்லலாம்?

தேடல் இன்றைய நாளிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். முதற்படி, வீட்டிலுள்ள மூத்தோர். பாட்டி ஒருவர் சொல்லும் பெயர், பிறந்த இடம், பிழைத்த தொழில் ஆகியவற்றை அவர் சொன்னவாறே எழுதிக்கொள்ளல் வேண்டும். இரண்டாம் படி, பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள். மூன்றாம் படி, நிலப்பத்திரங்களும் கல்லறைகளும். நான்காம் படி, ஆலயம். மலாக்காவில் பொற்கொல்லர் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் ஆலயம், டச்சு அரசு தைவநாயகம் செட்டிக்கு அளித்த நிலத்தில் 1781இல் எழுந்தது. காஜா பெராங்கிலுள்ள முத்துமாரியம்மன் ஆலயம் 1822ஆம் ஆண்டினது. திருப்பணி செய்தோர், உபயம் ஏற்றோர், சொத்தைப் பாதுகாத்தோர் ஆகியோரின் பெயர்களை ஆலய ஏடுகள் தாங்கி நிற்பதுண்டு. இறுதிப்படி, அரசு ஆவணக் காப்பகங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பேணப்படுகின்றன.

வழியில் இடறும் கற்களும் உண்டு. தமிழரிடையே தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகுமேயன்றி, பேரனுக்குத் தொடர்வதில்லை. எனவே தலைமுறைதோறும் பெயர் மாறும். எழுத்தர்கள் தத்தம் செவிக்கு எட்டியவாறு எழுதியமையால் ஒரே பெயர் பல வடிவம் பெற்றது. ‘செட்டி’ என்னும் சொல் மற்றுமொரு மயக்கம் தரும். மலாக்காவில் அது பழைய வணிகக் குடியினரைக் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறொரு சமூகத்தினர். இவ்வேறுபாட்டை அறியாதவர் தேட வேண்டிய ஊரை விட்டுச் செட்டிநாட்டில் தேடி அலைவர்.

பெருமை நாடிப் பெயர் தேடுவதும் தவறு. போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் பெண்டஹாரா பதவி அளித்த நீனா சட்டு என்னும் இந்து வணிகர் வரலாற்றில் இடம் பெற்றவர். அவர் வழியில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் விருப்பம் எழலாம். சான்றின்றி அவ்வாறு உரைப்பது, சுமை தூக்கிய மெய்யான பாட்டனாரை வீட்டை விட்டு வெளியேற்றுவதற்கு ஒப்பாகும். அரசவையில் இருந்தவரும் முன்னோரே. பெயரின்றி உழைத்து மறைந்தவரும் முன்னோரே.

தாய்மாரை மறப்பது அதனினும் பெருந்தவறு. கடல் கடந்து வந்த வணிகர் மலாய், ஜாவா, சீனம் முதலிய இனப் பெண்களை மணந்தனர். சேலையை விடுத்துச் சாரோங்கும் கெபாயாவும் உடுத்திய அத்தாய்மாரே, அம்மனுக்கு விளக்கேற்றவும் பொங்கல் வைக்கவும் பிள்ளைகளைப் பழக்கினர். தந்தை வழி கடலுக்கு அப்பால் செல்லலாம்; தாய் வழி இம்மண்ணிலேயே வேரூன்றியுள்ளது. குலவரலாறு எழுதுவோர் இரு பக்கமும் எழுதுவதே அறம்.

2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் மலாக்கா செட்டிகளைப் பற்றிக் கண்காட்சி நடத்தியது. அங்கு மக்கள் வியந்து கண்டவற்றுள் வீடுகளில் புழங்கிய பொருள்களும் இருந்தன. பழைய பெட்டியில் கிடக்கும் நிழற்படமும் வரலாறே. அதன் பின்புறத்தில் பெயர் எழுதாவிடில், ஒரு தலைமுறைக்குப் பின் அது யாரோ ஒருவரின் முகமாகிவிடும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த இந்நாட்டில், பல குடும்பங்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் இடமாக ஆலயம் ஒன்றே எஞ்சியிருக்கக் கூடும். ஆகவே ஆலய நிர்வாகங்கள் பழைய உபயப் பட்டியல்களையும் நன்கொடைப் புத்தகங்களையும் கரையானுக்கு இரையாக்காமல் படியெடுத்துக் காத்தல் வேண்டும். திருப்பணியின்போது பெயர் பொறித்த பழைய கல்லைப் பெயர்த்தெறியாமல், புதுச் சுவரிலும் பதித்தல் வேண்டும். கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுவது போன்றே இதுவும் திருப்பணிதான்.

அடியார்கள் செய்யத்தக்கது இன்னும் எளிது. இன்றிரவு இல்லம் திரும்பியதும், பூசை அறையில் ஒரு குறிப்பேட்டை வைத்து, தந்தை வழியில் மூன்று பெயர்களையும் தாய் வழியில் மூன்று பெயர்களையும் எழுதுக. தெரியாத பெயருக்கு இடம் விட்டு வைக்க. அடுத்த ஞாயிறன்று குடும்பத்தின் மூத்தவரைக் கண்டு அவ்விடத்தை நிரப்புக. அவர் உள்ளபோதே கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அடுத்த ஆடி அமாவாசையில் குருக்கள் மூன்றாம் பெயரைக் கேட்கும்பொழுது, விடை தயங்காமல் வருமாக. அன்னையின் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக!