குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் கல்வியும் நம் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டன. நோட்டுப் புத்தகம், புத்தகப்பை, சீருடை, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கான செலவினங்களைக் கேட்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம். கொடுத்த கைகளுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கணக்கில் இடம் பெற இயலாத ஒன்றாகும். அது நம்முடைய நேரம். நம் மஹல்லாவை அடுத்துள்ள குடிசைப் பகுதியின் பிள்ளைகளுக்கு இப்போது பணத்தினும் பெரிதாகத் தேவைப்படுவது அதுவே என்பதை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பள்ளியில் பெயர் இருக்கிறது, படிப்பு இருக்கிறதா?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ ஆறரைக் கோடி. நம் சென்னை மாநகரில் மட்டும் 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கும் குடியமர்த்தப்பட்டன. வீடு மாறிற்று; ஆனால் தந்தையின் கூலி வேலையும் தாயின் வீட்டு வேலையும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. கல்வியாண்டின் நடுவே குடும்பம் இடம் பெயரும்போது முதலில் அறுபடுவது பிள்ளையின் படிப்பேயாகும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறிவிட இயலாது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிவடைந்தது. 2022இல் காலை உணவும் தொடங்கப்பட்டது. பாடநூலும் சீருடையும் பேருந்து அட்டையும் விலையின்றிக் கிடைத்து வந்துள்ளன. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அப்படியாயின் குறை எங்கே?

மாலையில் அப்பிள்ளை வீடு திரும்பும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே உறக்கம். தாய் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. மூத்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள், இடுப்பில் தம்பி. அவளுடைய நோட்டில் ஆசிரியர் எழுதிப்போட்டது இருக்கிறது. அதை அவள் பார்த்து எழுதியும் இருக்கிறாள். ஆனால் அதை வாசிக்க அவளால் இயலாது. எழுதியது சரியா, தவறா என்று கேட்க வீட்டில் எவரும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ஒரு தாய் இருக்கிறாள், ஓர் அண்ணன் இருக்கிறான், அல்லது மாதக் கட்டணம் பெறும் ஒரு டியூஷன் ஆசிரியர் இருக்கிறார். அவளுக்கு இல்லாதது அந்த ஓர் ஆளே.

இவ்வாறு வாசிக்கத் தெரியாமலே பிள்ளை மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று ஏறிச் செல்கிறது. பாடம் முன்னே ஓடுகிறது, பிள்ளை பின்தங்குகிறது. 2022ஆம் ஆண்டு இந்தியக் கிராமப்புறங்களில் வீடு வீடாக நடத்தப்பட்ட 'அசர்' ஆய்வில், ஐந்தாம் வகுப்பில் பயிலும் 100 பிள்ளைகளில் 57 பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை. அவர்களும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளே. வாசிக்க இயலாத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் நூலும் வரலாற்று நூலும் வெறும் காகிதக் கட்டுகளாகிவிடுகின்றன. பிறகு ஒரு நாள் அது பள்ளிக்குச் செல்வதை நிறுத்திவிடுகிறது. "படிப்பு ஏறவில்லை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

மும்பை கற்றுத் தந்த பாடம்

இதற்கு வழி உண்டா எனின், உண்டு. அதைச் செய்து காட்டியோரும் உள்ளனர். 1990களின் நடுவில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் 'பிரதம்' என்னும் அமைப்பு தன் பணியைத் தொடங்கிற்று. பின்னர் அது 'பால்சகி' என்னும் திட்டத்தை நடத்திற்று. பால்சகி என்றால் பிள்ளைகளின் தோழி என்று பொருள். அதே பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரப் பயிற்சி அளித்தனர். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை ஒவ்வொருவரிடமும் ஒப்படைத்தனர். அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்பித்தனர்.

மும்பையிலும் குஜராத்தின் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை பொருளியல் அறிஞர்கள் இதை அளந்து பார்த்தனர். இத்திட்டம் நடைபெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் தெளிவான முன்னேற்றம் கண்டனர். அதிகப் பயன் பெற்றோர் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே. அந்த ஆய்வாளர்களுள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, கற்பித்தோர் பெரும் பட்டதாரிகள் அல்லர் என்பதே. அவர்கள் செய்த முக்கியமான செயல், பிள்ளை எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்று பாராமல், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியதேயாகும்.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டக் கிராமங்களில் 2005-2006இல் கிடைத்த மற்றொரு படிப்பினையும் உண்டு. அங்கே தன்னார்வலர்கள் வாசிப்பு வகுப்புகள் நடத்தினர். வந்த பிள்ளைகள் நன்கு முன்னேறினர். ஆனால் வந்தோர் 100க்கு 8 பேர் மட்டுமே. வகுப்பைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் தாமாக வந்துவிடுவர் என்று எண்ணலாகாது. கதவைத் தட்டி அழைக்க வேண்டும். வராத பிள்ளையைத் தேடிச் செல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின்னர், 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டத்திற்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்று பெயரிட்டதன் கருத்தும் இதுவே. அதில் இணைந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்கள் என்பதையும் நம் சகோதரிகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பத்ருக் கைதிகளின் பணயம்

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! இச்செய்தி நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் பணயத் தொகை செலுத்த வசதியற்ற, ஆனால் எழுதத் தெரிந்த சிலர் இருந்தனர். ஒவ்வொருவரும் மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இதை நாம் மேடைகளில் பலமுறை கூறியுள்ளோம். கற்பித்தோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தோர் அல்லர் என்பதையும் கூறியுள்ளோம். ஆனால் இதனுள் இருக்கும் மற்றோர் அளவுகோலைக் காண வேண்டும். இத்தனை நாள் வந்தார்கள் என்பது அங்கே கணக்கன்று; இத்தனை பலகைகள் வழங்கினார்கள் என்பதும் கணக்கன்று. பிள்ளைகள் எழுதக் கற்றனரா என்பதே கணக்கு. நம் பணிக்கும் அதுவே அளவாக இருக்கட்டும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, இடம். பள்ளிவாசலின் மாடி மாலையில் காலியாக உள்ளது. அங்கேயே வகுப்பு வைக்கலாம் என்று சில நண்பர்கள் கூறினர். நல்லெண்ணமே. ஆயினும் அப்பகுதியில் எல்லாச் சமயத்தாரும் வாழ்கின்றனர். பள்ளிவாசலுக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாயின் மனத்தையும் நாம் மதிக்க வேண்டும். ஆகவே அவர்கள் தெருவிலேயே, நாலு பேர் பார்வையில் படும் சமுதாயக் கூடத்திலோ, அங்கன்வாடியின் திண்ணையிலோ வகுப்பு நடக்கட்டும். உரியவர்களின் அனுமதியை முன்னரே பெற வேண்டும். இந்த வகுப்பில் மார்க்கப் பிரச்சாரம் இல்லை. கட்சிப் பேச்சும் இல்லை. எழுத்தும் எண்ணும் மட்டுமே.

இரண்டாவது, தொடக்கம். முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி, ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு வாக்கியம், ஒரு சிறு பத்தி, ஒரு கதை என்று வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அதுவே அப்பிள்ளையின் வகுப்பு. ஏழாம் வகுப்பு மாணவன் எழுத்தில் நின்றால் எழுத்திலிருந்தே தொடங்குங்கள். பிறர் முன்னிலையில் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். தமிழின் 247 எழுத்துகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை, 'கொய்யா' என்ற சொல்லின் முன் திகைத்து நிற்பதுண்டு. ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு என்பதை மக்தபில் கற்பிக்கும் நாம் நன்கறிவோம்.

மூன்றாவது, ஆவணங்கள். கற்பிக்க இயலாத பெரியோர்கள் இப்பணியை ஏற்கலாம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தெளிவான உரிமைகளை வழங்கியுள்ளது. வயதுச் சான்று இல்லை என்று கூறிச் சேர்க்கையை மறுக்கலாகாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதையும் காரணம் காட்டலாகாது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும். இவ்வுரிமைகள் அந்தத் தாய்க்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டு அலுவலகப் படிக்கட்டில் காத்திருக்க அவளால் முடிவதில்லை. ஓய்வு பெற்ற நம் பெரியவர் ஒருவர் அவளோடு துணையாகச் சென்றால், ஒரு பிள்ளையின் ஓராண்டு காப்பாற்றப்படும்.

நான்காவது, பாதுகாப்பு. எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். தனியறை கூடாது, பெற்றோர் அறியாமல் பிள்ளையை எங்கும் அழைத்துச் செல்லக் கூடாது. நல்லவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். ஏனெனில் விதி இருப்பது பிள்ளைக்காகவே.

ஐந்தாவது, புகைப்படம் வேண்டாம். அடுத்த ஆண்டு மலரில் அப்பிள்ளைகளின் முகங்களை அச்சிட வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளை உதவி பெறும் காட்சியை ஊர் பார்க்க நாம் விரும்புவதில்லை அல்லவா?

தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

இளைஞர்களே! ரமளானில் ஒரு மாத ஆர்வத்தில் தொடங்கி, ஷவ்வாலில் ஓய்ந்துவிடும் பணியாக இதை எண்ணாதீர்கள். இன்று வந்து கைபிடித்து எழுதச் சொல்லித் தந்த அண்ணன் நாளை வரவில்லை எனில், பிள்ளை வாசலில் காத்திருக்கும். மறுநாளும் காத்திருக்கும். மூன்றாம் நாள், பெரியவர்கள் இப்படித்தான் வருவார்கள், போவார்கள் என்று அது புரிந்துகொள்ளும். பின்னர் வேறொருவர் உண்மையான அக்கறையோடு வந்தாலும் அது நம்ப மறுக்கும். நாம் கைவிட்ட பிள்ளை, நாம் தொடவே தொடாத பிள்ளையினும் ஏமாற்றமடைந்த பிள்ளை. ஆகவே ஓராண்டு வர இயலாதவர் பெயர் கொடுக்க வேண்டாம். அதில் குற்றமும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் மட்டுமே தர இயலும் எனில், அந்த இரண்டு நாளைத் தவறாது தாருங்கள். இருவர் அல்லது மூவர் இணைந்து ஒரு வகுப்பைப் பகிர்ந்துகொண்டால் நாள்தோறும் விளக்கு எரியும். ஏற்றுக்கொண்ட நேரம் நம் கையிலுள்ள அமானிதம்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை பைகள் வழங்கினோம் என்பதற்குக் கீழே மற்றொரு வரியும் இடம் பெறட்டும்: ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பத்தியை வாசிக்க இயலாதிருந்த பிள்ளைகள் இத்தனை பேர், இன்று வாசிப்போர் இத்தனை பேர். அந்த எண் ஐந்தாக இருந்தாலும் அதை மறைக்காமல் அச்சிடுங்கள். ஐந்து என்பது சிறிய எண் போலத் தோன்றலாம். மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரிந்த, பேருந்தின் பெயர்ப் பலகையை வாசிக்கத் தெரிந்த, கையெழுத்திடும் முன் தாளில் இருப்பதை வாசிக்கத் தெரிந்த ஐந்து மனிதர்கள் என்று எண்ணிப் பார்த்தால் அது பெரிய எண்ணேயாகும்.

அஸர் தொழுகைக்குப் பின்னர் அலுவலகத்தில் பதிவேடு திறந்திருக்கும். சகோதரிகள் பெயர் கொடுக்கத் தனிப் பதிவேடு உண்டு. இன்று எழுதத்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டிற்குச் சென்று மனைவியோடும் மக்களோடும் கலந்து, தம் வேலை நேரத்தைக் கணக்கிட்டு, அடுத்த ஜும்ஆவில் எழுதினாலும் போதும். எழுதுவோர் உறுதியோடு எழுதுங்கள்.

நாம் ஏற்கும் இச்சிறு பணியை நிலைத்திருக்கச் செய்து, அப்பிள்ளைகளின் நாவிலும் விரலிலும் கல்வியை எளிதாக்கித் தர வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.