இராயபுரத்தின் பழைய வீதிகள்



ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவின் பழைய நகரை யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதனைக் காணக் கடல் கடந்து செல்வோர் பலர். வடசென்னை இராயபுரத்தைக் காணச் செல்வோர் எத்தனை பேர்?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்ட நிலையம் இங்கேதான் உள்ளது. அதன் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பார்சி மக்களின் தீக்கோயில் 1910 முதல் இவ்வூரில் விளங்குகிறது.

இவ்விரண்டிற்கும் மூத்தது, 1829-இல் எழுந்த புனித இராயப்பர் ஆலயம். ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்பர். அதனை எழுப்பியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் இல்லாத அக்காலத்தில், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி, பேரலைகளைக் கடந்து, கப்பலில் வந்த மாந்தரையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் அவர்களே. செயற்கைத் துறைமுகம் அமைந்தபின் அத்தொழில் மெல்ல மறைந்தது. ஆலயம் நிலைத்தது.

இரயில் நிலையத்தின் ஆண்டினை நூல்கள் காக்கும். படகுத்துறையின் சொற்களும் அனுபவங்களும் அவ்வீதிகளின் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றை அவர்கள் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதி வைப்பது இலக்கிய வட்டங்களின் கடமையாகும்.