மதராசின் பெயரில் ஒரு நோய்

   

ஊர்ப் பெயரைத் தாங்கிப் புகழ் பெற்ற பொருள்கள் தமிழகத்தில் பலவாகும். காஞ்சிபுரம் பட்டு, திருநெல்வேலி அல்வா, சேலத்து மாம்பழம் ஆகியவற்றை அறியாதார் இலர். ஆனால் சென்னையின் பழைய பெயரைத் தாங்கி ஒரு நோய் உலக நரம்பியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே. 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்' என்பது அதன் பெயர். 1996இல் மாநகரம் சென்னை என்று பெயர் மாறியது. நோயோ மதராசின் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

இலக்கிய மேடையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழலாம். இந்நோய் மனிதனின் பேச்சைப் பறிப்பது. பேச்சு பறிபோன இடத்தில் எழுத்துக்கு வேலை உண்டு. அவ்வேலை எது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்கு ஆணை கொண்டு செல்லும் அணுக்களை இயக்க நரம்பணுக்கள் என்பர். இவை மடியுந்தோறும் இவற்றை நம்பியிருக்கும் தசைகள் மெலிகின்றன. கை சூம்புகிறது; கால் தளர்கிறது; நா குழறுகிறது. இந்நோய்க் குடும்பத்தில் பெரிதும் அறியப்பட்ட வகையைப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1869இல் விளக்கினார். அது பெரும்பாலும் நடுவயது கடந்தோரைத் தாக்குவது. தொடங்கிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் பலரின் உயிரைக் கொள்வது.

1970இல் சென்னை மருத்துவர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய மூவரும் 'நியூராலஜி இந்தியா' இதழில் வேறொரு தோற்றத்தை எடுத்துக்காட்டினர். அவர்கள் கண்டவர்கள் இளையோர். கை கால் மெலிவோடு முகத்தசையும் நாவும் தொண்டையும் தளர்ந்திருந்தன. காது கேளாமையும் சேர்ந்திருந்தது. ஆயினும் நோய் மெல்லவே முன்னேறியது. பின்னர்ப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் தாங்கள் கண்ட 116 நோயாளர்களைப் பற்றி 2008இல் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்கள் தென்னிந்தியர்கள். பலர் நோயோடு பல பத்தாண்டுகள் வாழ்கின்றனர் என்பதும் அறியப்பட்டது. உறுதியான காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை. எண்ணூர்ப் பகுதியில் வாழ்வோர்க்கு ஆலைப் புகையின்மீது ஐயம் எழுவது இயல்பே. எனினும் இந்நோயைப் புகையோடு முடிச்சிடச் சான்று இல்லை.

நோய்க்குத் தமிழில் பெயர் இல்லாமையும் ஒரு துன்பமே. கை மெலியத் தொடங்கிய பிள்ளைக்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று அக்கம்பக்கத்தார் பெயர் சூட்டிவிடுவர். அச்சொல்லோ சுவர் விளம்பரங்களில் லேகியம் விற்போரின் கையில் சிக்கிச் சீரழிந்த சொல். அதனைக் கேட்ட பெற்றோர் நாணி மறைப்பர், ஆண்டுகள் கழியும். 'இயக்க நரம்பணு நோய்' என்று சொல்லப் பழகினால் நாணத்திற்கு இடமில்லை. எந்த மருத்துவரிடம் செல்வது என்பதும் விளங்கும்.

காலத்தோடு செல்வது ஏன் இன்றியமையாதது? இதே போன்று செவியையும் நாவையும் தாக்கும் இன்னொரு நோய் உண்டு. ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 உயிர்ச்சத்தை அணுக்களுக்குள் கொண்டு செல்லும் மரபணுக்களின் பழுதே அதற்குக் காரணம் என்று 2010இலும் 2012இலும் வந்த ஆய்வுகள் காட்டின. அவ்வுயிர்ச்சத்தையே மிகுதியாகக் கொடுக்க, பலர் தேறினர். தோற்றத்தில் ஒத்த இரண்டையும் பிரித்தறிவது நரம்பியல் வல்லுநரின் பணி. காத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால் எதிரே நிற்பது அரசு பொது மருத்துவமனை. 1970இன் கண்டுபிடிப்பு பிறந்த சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது அது.

மதராஸ் வகையைத் தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. சார்க்கோ சொன்ன வகைக்கு 1995இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ரிலுசோல், வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டுவது. ஆயினும், தீர்க்க இயலாமை வேறு. செய்வதற்கு ஒன்றும் இல்லாமை வேறு. நீர் புரையேறுவோர்க்கு உணவைக் கூழ்ப்பதமாக்கலாம். விழுங்கவே இயலாதபோது வயிற்றில் குழாய் பொருத்தலாம். காலைத் தலைவலியும் பகலுறக்கமும் மூச்சுத் தசை தளர்வதன் அறிகுறிகளாகலாம். இரவில் முகமூடி வழியே காற்றுச் செலுத்தும் கருவி அதற்குத் துணை. செவிக்குக் கருவி உண்டு. நரம்பியலார், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உணவியலார் ஆகியோர் கூடிச் செய்யும் பணி இது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது.

இனி எழுத்தின் வேலைக்கு வருவோம். தொல்காப்பியர் பிறப்பியலில், அடிவயிற்றிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் தங்கி, பல், உதடு, நாக்கு, மூக்கு, மேல்வாய் ஆகியவற்றின் முயற்சியால் எழுத்தாகின்றது என விளக்குகிறார். அம்முயற்சிக்குரிய தசைகளே இந்நோயில் தளர்கின்றன. மதராஸ் வகையில் அறிவு பொதுவாகக் கெடுவதில்லை. சொல்ல வேண்டியது உள்ளே முழுமையாக இருக்கிறது. வாயில் மட்டும் வாராது நிற்கிறது. கேட்போர் பொறுமையிழந்து வாக்கியத்தைத் தாமே முடித்துவிடுவதும், பேச இயலாதவர்க்குச் சிந்தனையும் இல்லை என்று எண்ணுவதும் நோயினும் கொடியவை.

21 வயதில் இந்நோய்க் குடும்பத்தில் ஒன்றுக்கு ஆளான ஸ்டீபன் ஹாக்கிங், 76 வயது வரை வாழ்ந்து 2018இல் மறைந்தார். 1985இல் குரலை முற்றும் இழந்தபோது, கணிப்பொறி வருமுன் அவர்க்குத் துணை நின்றது ஓர் எழுத்து அட்டை. ஒருவர் எழுத்துகளைச் சுட்டிக்கொண்டே வர, உரிய எழுத்தில் அவர் புருவத்தை உயர்த்துவார்.

இவ்வட்டைக்குத் தமிழ் நெடுங்கணக்கு மிகப் பொருத்தமானது. 247 எழுத்துகளும் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 போதும். மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்று வரிசையில் ஆறாறாக எழுதலாம். உயிரைக் குறில், நெடில் எனப் பிரிக்கலாம். முதலில் வரிசையைச் சுட்ட வேண்டும், பின் எழுத்தை. 'வலி' என்பதற்கு வ், அ, ல், இ என்னும் நான்கு தெரிவுகளே வேண்டும். தண்ணீர், மூச்சு, திருப்பு போன்ற அன்றாடச் சொற்களைக் கீழே தனியே எழுதிவிடலாம். செவி மங்கியோர் இருப்பதால் வாயால் படிப்பதோடு விரலாலும் சுட்டுதல் நன்று. சிலர்க்குப் பார்வை நரம்பும் பாதிப்புறுவதால் எழுத்துகள் பெரியனவாக இருத்தல் வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு ஓர் அட்டையும் மையும் மட்டுமே. எழுத்தறிந்த எவரும் செய்யலாம். கவிஞர்கள் அன்றாடச் சொற்களைத் தேர்ந்து தரலாம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இலக்கிய வட்டம் இத்தகைய அட்டைகளை அச்சிட்டு, காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளின் நலவாழ்வு நிலையங்களுக்கும் வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் வழங்குமாயின், பக்கவாதத்தால் பேச்சிழந்து எழுத்தறிவு மாறாதோர்க்கும் அது பயன்படும். ஒருவர் தம் சொல்லைக் கண்ணால் எழுத்துக் கூட்டி முடிக்கும் வரை அருகிருந்து காத்திருப்பதும் தமிழ்ப்பணியே.